சயாமுக்குப் போனவர்களுக்கு ஒரு நினைவுக்கல்: எங்கே வைப்பது, என்ன எழுதுவது?

பேராக் பேரன்:

எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியாவில் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பிறகு பாதி நிலம் தாமான் (குடியிருப்புப் பகுதி) ஆகிவிட்டது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களை இடித்துவிட்டார்கள். மாரியம்மன் கோவில் மட்டும் இருக்கிறது. திருவிழா என்றால் கிள்ளான், ஜொகூர், சிங்கப்பூர் என்று எங்கே இருந்தாலும் பழைய தோட்டத்து ஆட்கள் வந்துவிடுவோம்.

இந்த வருஷத் திருவிழாவில் ஒரு பேச்சு வந்தது. இரண்டாம் உலகப் போரில் மலாயாவை ஜப்பான் பிடித்து வைத்திருந்த காலத்தில், எங்கள் தோட்டத்திலிருந்து சயாம் ரயில் (சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்கு) போடப் பிடித்துக்கொண்டு போனவர்களுக்கு நினைவுச்சின்னம் ஒன்று வைக்க வேண்டும் என்று. என் தாத்தாவின் அண்ணன் அப்படிப் போனவர். திரும்பி வரவில்லை. "காலையில பெரட்டுக்கு நின்னவங்கள வேலைக்காட்டுக்கு அனுப்பாம அப்படியே லாரியில ஏத்திட்டாங்க" என்று பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன் (பெரட்டு என்றால் காலையில் ஆள் கணக்கெடுப்பது). வீட்டில் அவருக்குப் படம் கிடையாது, இறந்த தேதி கிடையாது. அதனால் திதியும் கிடையாது.

இப்போது குழுவில் ஆளுக்கொரு கருத்து. சிலர் ரயில் தண்டவாளத்தைத் தோளில் சுமக்கிற மாதிரி ஒரு சிலை வைக்கலாம் என்கிறார்கள். சிலர் செத்த இடத்தில்தான் கல் வைக்க வேண்டும், தாய்லாந்தில் காஞ்சனபுரியில் இடம் கேட்போம் என்கிறார்கள். இன்னும் சிலர், அங்கேதான் பெரிய கல்லறைத் தோட்டம் இருக்கிறதே, இங்கே எதற்கு என்கிறார்கள்.

வருகிற பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு காஞ்சனபுரி போகிறோம். அங்கே நம் ஆட்களுக்கு மரியாதை செய்ய எந்த இடத்துக்குப் போவது? தோட்டத்தில் கல் வைத்த அனுபவம் யாருக்காவது இருக்கிறதா?

பாங்காக் வேலைக்காரன்:

அண்ணே, நான் பாங்காக்கில் வேலை செய்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் காஞ்சனபுரிக்குக் கூட்டிப்போவது என் பொறுப்பாகிவிட்டது, அதனால் சொல்கிறேன்.

தொன்புரி ஸ்டேஷனில் காலை ரயிலைப் பிடியுங்கள். காஞ்சனபுரி தாண்டி, 'நாம் தோக்' என்ற ஊர் வரை அந்தப் பழைய பாதையில்தான் ஓடுகிறது. மொத்தம் போட்டது 415 கிலோமீட்டர். இன்றைக்கு ரயில் ஓடுவது சுமார் 130 கிலோமீட்டர்தான். அதற்கு அப்பால் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள், காடு மூடிவிட்டது. தாம் கிராசே என்ற இடத்தில் ரயில் ஆற்றோரப் பாறையை ஒட்டி மரத்தூண்கள் மேல் ஊர்ந்து போகும். பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நகரத்துக்குள், ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே போர்க் கல்லறை. கிட்டத்தட்ட 7,000 பேர் அங்கே இருக்கிறார்கள். பிரிட்டிஷார், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர், எல்லாரும் போர்க்கைதிகள். ஆற்றுக்கு அக்கரையில் சுங்காய் என்ற இடத்தில் இன்னும் 1,700 பேர் அளவில். நம் தொழிலாளர் ஒருவர்கூட இந்த இரண்டிலும் இல்லை. "அங்கேதான் பெரிய கல்லறை இருக்கிறதே" என்று சொல்பவர்களுக்கு இதைச் சொல்லிவிடுங்கள்.

நம் ஆட்களுக்கு என்றால், அந்தக் கல்லறையை ஒட்டியே வாட் தாவோர்ன் வாராராம் என்ற புத்தக் கோவில் இருக்கிறது. சீன, வியட்நாமியச் சாயலில் கட்டியது. பெயர் தெரியாத ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளைச் சேர்த்து வைத்த சமாதி அதற்குள் உண்டு. தமிழர்களுக்காக ஒரு நடுகல்லும் அந்த வளாகத்தில் சில வருஷங்களுக்கு முன் நட்டிருக்கிறார்கள். பூவும் சூடமும் கொண்டுபோனால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

குவாய் ஆற்று ரயில் பாலத்துக்குச் சற்றுத் தள்ளி ஜப்பான் ராணுவமே 1944-இல் கட்டிய தூண் ஒன்று இருக்கிறது. இறந்தவர்களுக்காகப் பல மொழியில் பலகை பதித்திருக்கிறார்கள், அதில் தமிழும் ஒன்று. பாலத்தில் படம் எடுக்கிற கூட்டம் இங்கே வருவதில்லை. நீங்கள் அவசியம் போங்கள். சாகடித்தவனே எழுதி வைத்த தமிழ் அது. நான் ஒவ்வொரு தடவையும் அங்கே பேச்சில்லாமல் நின்றுவிடுகிறேன்.

கெடா டீச்சர்:

தம்பி, நான் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கள் தோட்டத்தில் இந்த வேலையைச் செய்து முடித்திருக்கிறோம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சிலையா கல்லா என்பதைப் பிறகு பேசலாம். முதலில் உங்களிடம் எத்தனை பெயர் இருக்கிறது? உங்கள் பெரிய தாத்தாவின் பெயர் உங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டிலிருந்து போனவர் பெயர் தெரியுமா? பெயர் இல்லாமல் சிலை வைத்தீர்களானால் முதல் வருஷம் மாலை விழும், மூன்றாம் வருஷம் அதன்மேல் திருவிழாவுக்குக் கட்டிய தோரணக் கயிறு தொங்கும்.

காஞ்சனபுரிக் கல்லறையில் நுழைந்ததும் நீங்களே பார்ப்பீர்கள். ஒட்ட வெட்டிய புல், வரிசை வரிசையாக முழங்காலுக்கும் கீழே தாழ்ந்த கற்கள், ஒவ்வொன்றின் மேலும் சாய்வாகப் பதித்த ஒரு வெண்கலத் தகடு. அதில் ராணுவ எண், பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி, வயது. கீழே ஒரு வரி, அது வீட்டார் எழுதிக் கொடுத்தது. இருபத்திரண்டு, இருபத்தாறு, இருபத்து மூன்று என்று வயதைப் படித்துக்கொண்டே நடந்தால் நாட்டையும் நிறத்தையும் மறந்து நமக்கே தொண்டை அடைக்கிறது. நான் அழுதுவிட்டேன். அழுதபிறகுதான் எங்கள் பாட்டனுக்கு ஏன் இப்படி ஒரு தகடு இல்லை என்று கோபம் வந்தது.

அந்தப் பெயர்கள் எப்படிக் கிடைத்தன தெரியுமா? முகாமுக்குள்ளேயே கைதிகள் ஜப்பான்காரனுக்குத் தெரியாமல் செத்தவர் பட்டியலை எழுதி ஒளித்து வைத்தார்கள். சண்டை முடிந்த உடனே, 1945 செப்டம்பரிலும் அக்டோபரிலும், ஒரு சிறு குழு அந்தப் பாதை நெடுகப் போய் 144 இடங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட புதைகுழிகளைக் கண்டுபிடித்தது. எழுதி வைத்த ஆள் இருந்தார், தேடிப் போன ஆளும் இருந்தார்.

நம் ஆட்களுக்கு இரண்டுமே இல்லை. மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கும் மேல் போனார்கள், பெரும்பாலும் தோட்டத் தமிழர்கள். பெண்டு பிள்ளைகளோடு போன குடும்பங்களும் உண்டு. கைதிகளோடு அவர்களுடைய டாக்டர்களும் அதிகாரிகளும் இருந்தார்கள். நம்மவர்களுக்கு மருந்து கொடுக்கவோ எண்ணி வைக்கவோ யாருமில்லை. 1943-இல் மழை பிடித்தபோது வாந்திபேதி வந்து முகாம் முகாமாகக் காலியானது. எரித்தார்கள், குழியில் தள்ளினார்கள். அந்த வருஷம் அக்டோபர் 17-ஆம் தேதி இரண்டு பக்கத் தண்டவாளமும் கூடிவிட்டது. ஆசியத் தொழிலாளர்களில் எண்பது தொண்ணூறாயிரம் பேர் இறந்திருப்பார்கள் என்கிறார்கள். அதுவும் மதிப்பீடுதான். 1990 நவம்பரில் காஞ்சனபுரியில் கரும்புக் காட்டைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கில் எலும்புக்கூடுகள் வந்தன. அதில் யார் யாருடைய பாட்டனோ.

ஆகவே எழுதுவது நம் வேலை. எண்பது வருஷம் கழித்து எப்படி எழுதுவது என்றுதானே கேட்பீர்கள்? நாங்கள் செய்ததைச் சொல்கிறேன்.

எங்கள் தோட்டத்தில் தொண்ணூறு தாண்டிய ஒரு பாட்டி இருந்தார். "சயாமுக்குப் போனவங்க பேரு சொல்லுங்க பாட்டி" என்று கேட்டால் இரண்டு மூன்று பேரோடு நின்றுவிடுவார். அப்புறம் ஒரு பெரிய தாளில் பழைய லயத்தை வரைந்தேன். தண்ணிக்குழாய் எந்தப் பக்கம், கள்ளுக்கடை எந்தப் பக்கம், கங்காணி வீடு எங்கே என்று அவரையே கேட்டுக் கேட்டு வரைந்தேன். பிறகு குழாய்ப் பக்கம் முதல் கதவில் விரலை வைத்து, "இந்த வீட்டில் யார் இருந்தா?" என்றேன். மடை திறந்துவிட்டது. "இது கறுப்பாயி வீடு. புருஷன் போனான், வரல. அடுத்தது மாட்டுக்காரர் வீடு. அவரு போனாரு, காலு புண்ணாகித் திரும்புனாரு. மூணாவது வீட்ல அண்ணன் தம்பி ரெண்டு பேரும் போனாங்க, அவங்கம்மா தினம் சாயங்காலம் சடக்கோரமா வந்து நிப்பா." பேரைக் கேட்டால் வராதது வீட்டைக் கேட்டதும் வந்தது. பள்ளிப் பிள்ளைகள் இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினார்கள். ஒரு மத்தியானத்தில் ஒரு முழு லயம் முடிந்தது.

பல பேருக்கு "இன்னாருடைய புருஷன்", "குட்டைக் கங்காணி மகன்" என்றுதான் கிடைத்தது. அதை அப்படியே எழுதிக்கொண்டோம். பிறகு அந்தக் குடும்பத்து ஆட்களைத் தேடிப் பெயரை நிரப்பினோம்.

காகிதத்தையும் விடாதீர்கள். தோட்டத்து ஆபீஸில் பழைய செக்ரோல் (ஆள் பெயர், சம்பளப் பதிவேடு) கிடைத்தால் பாக்கியம். எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடு அலமாரிக்குள் இருந்தது. 1946-ஆம் வருஷத்துப் பக்கத்தில் பெற்றோர் பாதுகாவலர் என்கிற கட்டத்தில் சித்தப்பா, பாட்டி, மாமன் என்றே வரிசையாக எழுதியிருந்தது. அப்பா பெயர் எழுத வேண்டிய இடம் அது. அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக் கோவிலில் மாட்டியிருக்கிறோம். கல்லைப் பார்க்கிறதைவிட அதைத்தான் ஆட்கள் அதிக நேரம் நின்று படிக்கிறார்கள்.

இடம் பற்றி: கோவில் நிலத்தின் கிராண்ட் (பட்டா) யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். தோட்டக் கோவில்கள் பல இன்னும் கம்பெனி நிலத்தில்தான் நிற்கின்றன. நாளைக்கு நிலம் கைமாறினால் சாமிக்கே மாற்று இடம் தேட வேண்டியிருக்கிறது, கல்லை யார் பார்ப்பார்கள்? கிராண்ட் உறுதியில்லையென்றால் தமிழ்ப்பள்ளியில் கேளுங்கள். பள்ளி என்றால் பிள்ளைகள் தினமும் தாண்டிப் போவார்கள்.

கிள்ளான் அண்ணன்:

டீச்சர் சொல்வதெல்லாம் சரி. ஆனால் எத்தனை காலத்துக்கு நாம் கோவில் மூலையிலும் பள்ளி மூலையிலும் சின்னச் சின்னக் கல்லாக வைத்துக்கொண்டிருப்பது? ஆஸ்திரேலியாக்காரனைப் பாருங்கள். அந்த ரயில் பாதைக்காகப் பாறையை வெட்டிய ஹெல்ஃபயர் பாஸ் என்ற இடத்தில் அவன் அரசாங்கமே காசு போட்டு அருங்காட்சியகம் கட்டியிருக்கிறது. நம் ஆட்கள் அவனைவிடப் பல மடங்கு செத்தார்கள். கோலாலம்பூரில் எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் அரசாங்கம் ஒரு பெரிய சின்னம் கட்ட வேண்டும், பாடப்புத்தகத்தில் ஒரு முழு பாடம் வர வேண்டும். அதைக் கேட்காமல் ஆளாளுக்குக் கல் நட்டால் நம் கதை நமக்குள்ளேயே அடங்கிப்போகும். எனக்கு இது பெரிய வேதனை.

கெடா டீச்சர்:

அண்ணே, உங்கள் வேதனை எனக்கும் உண்டு. கேட்கத்தான் வேண்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆனால் ஹெல்ஃபயர் பாஸ் எப்படி வந்தது என்று பாருங்கள். சண்டை முடிந்து நாற்பது வருஷம் அந்தப் பாறை வெட்டைக் காடு மூடிக் கிடந்தது. அங்கே வேலை செய்து உயிர் பிழைத்த ஒரு முன்னாள் கைதி 1980-களில் திரும்பப் போய் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, இதைக் காப்பாற்றுங்கள் என்று தன் அரசாங்கத்தை விடாமல் கேட்டார். முதலில் காட்டை வெட்டிப் பாதை போட்டார்கள். அருங்காட்சியகம் 1998-இல்தான் திறந்தது. இன்றைக்கும் அவர்களுடைய போர்வீரர் நினைவு நாளான ஏப்ரல் 25 விடியற்காலை இருட்டில் ஆஸ்திரேலியர்கள் அந்தப் பாறைக்கு நடுவில் விளக்கோடு நிற்கிறார்கள். பாட்டன் போன இடம் என்று பேரப்பிள்ளைகள் விமானம் ஏறி வருகிறார்கள். ஆள் முதலில் வந்தார், கட்டடம் பிறகு வந்தது.

நாம் அரசாங்கத்திடம் போய் எழுபதாயிரம் பேர் என்று சொன்னால் அது ஒரு எண். இந்தத் தோட்டத்தில் இந்த லயத்தில் இந்த வீட்டிலிருந்து இன்னார் என்று கத்தை கத்தையாக நூறு தோட்டத்துப் பட்டியலை மேசையில் வைத்தால் அதைத் தள்ளிவிட முடியாது. தம்பியின் கல் அதற்கு ஆரம்பம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல்லை மூலையில் வைப்பது என்று சொன்னீர்கள். நடுகல் நம் சொந்த மரபு அண்ணே. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று கிடைத்தது. மாடு மீட்கும் சண்டையில் செத்த வீரனின் உருவமும் பெயரும் அதில் இருக்கிறது. பக்கத்தில் அவனுடைய நாய். அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்று எழுதி, கோவிவன் என்று அதன் பெயரையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருஷம் முந்தி ஒரு ஊரார் நாய்க்குச் செய்த மரியாதையை, எண்பது வருஷம் முந்திப் போன நம் பாட்டனுக்கு நாம் இன்னும் செய்யவில்லை. சின்னக் கல்தான். பெயர் இருந்தது, நின்றுவிட்டது.

பேராக் பேரன்:

டீச்சர், அண்ணன்மார் எல்லாருக்கும் நன்றி. லயத்தை வரைகிற யோசனை எங்களுக்குத் தோன்றவே இல்லை. எங்கள் பாட்டிக்கு நாத்தனார் முறை உள்ள ஒருவர் ஈப்போவில் மகள் வீட்டில் இருக்கிறார். நினைவு நன்றாக இருக்கிறது. இந்த வாரமே போகிறோம்.

ஆனால் ஒரு சிக்கல், வெளிப்படையாகவே கேட்கிறேன். எங்கள் தோட்டத்தில் யார் யாரை அனுப்புவது என்று பட்டியல் எழுதிக் கொடுத்தது ஒரு கங்காணி என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவருடைய பேரப்பிள்ளைகள் எங்கள் குழுவில் இருக்கிறார்கள், பணமும் அதிகம் தருவதாகச் சொல்கிறார்கள், நல்ல மனிதர்கள். "அவன் எழுதிக் கொடுத்துத்தான் எங்கப்பா போனார்" என்று சொல்கிற குடும்பமும் அதே குழுவில் இருக்கிறது. கல் வைக்கிறபோது இந்தப் பேச்சு வெடிக்கும் என்று பயமாக இருக்கிறது. இன்னொன்று, திரும்பி வந்தவர்கள் பெயரையும் எழுத வேண்டுமா?

கெடா டீச்சர்:

திரும்பி வந்தவர்களைக் கட்டாயம் எழுதுங்கள். தனியாக ஒரு பகுதியாக எழுதலாம். மலேரியாவோடும் ஆறாத கால் புண்ணோடும் வந்து, மறுபடி பால்மரம் வெட்டி (ரப்பர் பால் எடுத்து), செத்துப்போனவர்களின் பிள்ளைகளையும் சேர்த்து வளர்த்தவர்கள் அவர்கள். அவர்கள் வாய் திறந்து சொன்னதால்தான் நமக்கு இவ்வளவாவது தெரியும்.

கங்காணி விஷயம் எங்கள் தோட்டத்திலும் இருந்தது. எங்கள் தோட்டத்தில் அது கிராணி, அதாவது ஆபீஸ் எழுத்தர். கூட்டத்தில் இரண்டு பெரியவர்கள் கைகலப்பு வரை போனார்கள். நாங்கள் எடுத்த முடிவு இது: கல்லில் போனவர்கள் பெயர் மட்டும். யார் அனுப்பினார், எப்படி அனுப்பினார் என்பதெல்லாம் ஒரு புத்தகத்தில். பெரியவர்கள் சொன்னது சொன்னபடி, யார் சொன்னது என்ற குறிப்போடு எழுதிக் கோவிலிலும் பள்ளியிலும் ஒவ்வொரு பிரதி வைத்திருக்கிறோம். கிராணியின் குடும்பம் சொன்னதும் அதில் இருக்கிறது: பட்டியல் தராவிட்டால் தன் மகனை ஏற்றிவிடுவோம் என்று ஜப்பான்காரன் துப்பாக்கியைக் காட்டினான் என்று. அதை நம்புகிறவர் நம்பட்டும், நம்பாதவர் விடட்டும். மறைக்கக் கூடாது என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். கல்லில் யாருக்கும் பழி வேண்டாம், புத்தகத்தில் யாருக்கும் சலுகை வேண்டாம்.

பணம் தருகிறவர் பெயரைக் கல்லில் போட வேண்டாம், யாராக இருந்தாலும். இதை முதல் கூட்டத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பிறகு கேட்டால் மனக்கசப்பு.

நாள்: தேதி தெரியாதவர்களுக்கு எந்த நாளில் கும்பிடுவது என்று எங்களுக்கும் குழப்பம் இருந்தது. தீபாவளிக்கு முதல் நாள் எப்படியும் எல்லா வீட்டிலும் முன்னோருக்குப் படையல் போடுகிறோம். அன்றைக்குக் காலையில் கல்லடியில் கூடி, ஒரு பிள்ளை பெயர்களை வாசிக்க, அந்தந்தக் குடும்பத்தார் முன்னால் வந்து பூப்போடுவார்கள். பேச்சு, மேடை, பொன்னாடை எதுவும் கிடையாது. யாருமே வராத பெயருக்குப் பள்ளிப் பிள்ளைகள் பூப்போடுவார்கள். அதன்பிறகு எல்லாரும் வீட்டுக்குப் போய்ப் படையல் போடுவோம்.

பாங்காக் வேலைக்காரன்:

பேராக் அண்ணே, நீங்கள் வரும்போது பெயர்ப் பட்டியல் அரைகுறையாக இருந்தாலும் ஒரு பிரதி கொண்டு வாருங்கள். வாட் தாவோர்ன் சமாதிக்கு முன்னால் நின்று வாசித்துவிட்டுப் போகலாம். உங்களோடு நானும் வருகிறேன். கோவில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது, தேட வேண்டாம்.

பேராக் பேரன்:

கட்டாயம் கொண்டு வருகிறேன் தம்பி. டீச்சர், கடைசியாக ஒன்று. கல் எவ்வளவு பெரிது, எழுத்து எப்படி?

கெடா டீச்சர்:

ஆள் உயரம் வேண்டாம், பிள்ளைகள் நின்று படிக்கிற உயரம் போதும். கறுப்புக் கருங்கல், வெட்டிய எழுத்து. ஒட்டுகிற எழுத்து வேண்டாம், நம் வெயிலுக்கும் மழைக்கும் உதிர்ந்துவிடும். தமிழில் எழுதுங்கள், கீழே மலாயிலும் தோட்டத்தின் பெயர், வருஷம், எங்கே போனார்கள் என்று இரண்டு வரி. பெயரோடு லயத்தையும் போடுங்கள், "மேட்டு லயம்", "ஆத்தோர லயம்" என்று. அந்த லயம் இப்போது இல்லையென்றாலும் போடுங்கள்.

கல்லின் அடிப்பாகத்தில் இரண்டு சாண் இடத்தை வெறுமையாக விட்டு வையுங்கள். எங்களுக்கு நட்ட பிறகுதான் "எங்க பெரியப்பா பேரு இல்லையே" என்று ஆட்கள் வர ஆரம்பித்தார்கள், ஒருவர் மலாக்காவிலிருந்து பஸ் பிடித்து வந்தார். பிறகு வருகிற பெயரையும் இதே எழுத்தில் வந்து வெட்டித்தர வேண்டும் என்று கல் செதுக்குகிறவரிடம் முன்பணம் கொடுக்கும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.